வழிமொழிய ஒரு கை

"பேசின பேச்சை அழிக்க முடியுங்களா, தலைவரம்மா?"

செங்கோடன் முட்டை மண்டி வாசலில் நின்றபடியே கேட்டான். செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

பாவாயி ஒரு முட்டையை விளக்குக்கு நேரே தூக்கிப் பிடித்திருந்தார். வெளிச்சம் ஓட்டுக்குள் புகுந்து கருவைக் காட்டியது. நல்லது இந்தத் தட்டில், கெட்டது அந்தக் கூடையில்.

"யார் பேசின பேச்சு?"

"ஒருத்தர் பேசினதுங்க."

"அந்த ஒருத்தர் வரலையா?"

செங்கோடன் செருப்பைக் கழற்றினான்.

நாமக்கல்லில் பழைய லாரி வாங்கவோ விற்கவோ வேண்டுமென்றால் செங்கோடனைத்தான் கூப்பிடுவார்கள். மாட்டுச் சந்தையில் அடுத்தவன் மாட்டுக்குக் கயிறு பிடித்துத் தொடங்கியவன். துண்டுக்குள் கையை விட்டு, விரலை அமுக்கி விலை பேசக் கற்றவன். ஏமாந்தான், அடிபட்டான், நாலு பேரை ஏமாற்றினான், எழுந்து நின்றான். படிப்பு என்று சொல்லிக்கொள்ள அவனிடம் இருந்தது அவ்வளவுதான். கோபம் எப்போதும் மூக்கு நுனியில் குந்தியிருக்கும். அவன் வாயைத் திறந்தால் எதிராளி விலையை இறக்குவான் என்பது ஊர்ப் பேச்சு.

பாவாயி ஒரு காலத்தில் பக்கத்துப் பேரூராட்சிக்குத் தலைவி. நாற்காலி பறந்த மன்றத்தை நடத்தியவர். ஒரு நாளும் குரலை உயர்த்தியதில்லை என்பார்கள். அடுத்த தேர்தலில் தோற்றார். மறுவாரமே முட்டை மண்டி திறந்துவிட்டார். 'தலைவரம்மா' என்ற பேர் மட்டும் கூடவே வந்துவிட்டது.

"உக்காருங்க தரகரே. என்ன நடந்துச்சு?"

நடந்தது இது.

செங்கோடன் குடியிருக்கும் பொன்னி அடுக்ககத்தில் வீட்டு உரிமையாளர் சங்கக் கூட்டம். கட்டடத்துக்குப் பெயிண்ட் அடிப்பது பற்றிப் பேச்சு. மழைக்கு முன்னாலேயே அடித்துவிடலாம் என்றான் செங்கோடன். பெயிண்ட் கடைக்காரன் அவனுக்கு வேண்டியவன். பேரத்தை முடித்து வைத்துவிட்டுத்தான் கூட்டத்துக்கே வந்திருந்தான்.

"மழை முடியட்டுமே," என்றாள் சங்கத்தின் செயலாளர் கலாமணி. அவ்வளவுதான் சொன்னாள்.

சங்கத் தலைவர் கை தூக்கச் சொன்னார். அடிக்கலாம் என்பதற்குச் சோளக்காடு மாதிரிக் கைகள் எழுந்தன. வேண்டாம் என்பதற்குக் கலாமணியின் கை மட்டும்.

ஒற்றைக் கை. ஜெயித்தாயிற்று. பேசாமல் உட்கார்ந்திருந்தால் போதும், தேநீர் குடித்துவிட்டு வீட்டுக்குப் போயிருக்கலாம். ஆனால் செங்கோடனுக்கு அந்த ஒற்றைக் கையும் கண்ணில் தூசியாய் உறுத்தியது.

கலாமணியின் புருஷன் தனபால் இறந்து கொஞ்ச காலம் ஆகிறது. அவன்தான் முன்பு செயலாளர். அவன் போன பிறகு கூட்டக் குறிப்பு நோட்டு அவளிடமே நின்றுவிட்டது. கை நீட்டி வாங்கிக்கொள்ள வேறு யாருக்கும் மனமில்லை. வீட்டுப் பத்திரமும் இன்னும் தனபால் பேரில்தான் இருந்தது.

செங்கோடன் எழுந்து, எல்லோருக்கும் கேட்கிற மாதிரிச் சொன்னான்:

"செத்தவன் பேர்ல இருக்கிற வீட்டுக்கு ஓட்டு ஏதுங்க? தனபாலை வந்து கை தூக்கச் சொல்லுங்க!"

சிரித்தார்கள். நல்ல சிரிப்பு.

கலாமணியின் கை உடனே இறங்கவில்லை. அந்தரத்தில் கொஞ்சம் நின்றது. பிறகு, முடியை ஒதுக்கத்தான் தூக்கினேன் என்பதுபோல் காதோரம் போயிற்று. முடியை ஒதுக்கிற்று. மடியில் வந்து விழுந்து, பேனாவைத் தேடி எடுத்தது.

அந்தக் கைதான் செங்கோடனை இங்கே கொண்டுவந்து நிறுத்தியிருந்தது.

மற்றதையெல்லாம் பாவாயியிடம் சொன்னவன், அந்த இடம் வந்ததும், "ஏதோ ஒரு வார்த்தை விட்டுட்டேனுங்க," என்றான்.

"என்ன வார்த்தை?"

"அது... ஒரு வார்த்தைங்க."

"ம்."

"அடுத்த கூட்டத்துல, போன கூட்டத்துக் குறிப்பைத்தான் முதல்ல வாசிப்பாங்களாம். வாசிக்கிறது அந்தப் பொண்ணுதான். அத்தனை பேர் முன்னாடி. சட்டசபையில அவைக்குறிப்பிலிருந்து நீக்கம்னு செய்தியில சொல்றாங்களே, அந்த மாதிரி நீக்கிப்போடணும். நீங்க மன்றம் நடத்தின ஆள். அதுக்கு என்ன சட்டம், எப்படிப் பேசணும், சொல்லிக் குடுங்க."

பாவாயி தட்டிலிருந்து ஒரு முட்டையை எடுத்தார். அவன் உள்ளங்கையில் வைத்து, விரல்களை ஒவ்வொன்றாக மடக்கி மூடினார்.

"இதைப் பிடிச்சுக்கிட்டுச் சொல்லுங்க. எதுக்காக நீக்கணும்?"

"அந்தப் பொண்ணுக்காகத்தானுங்க. புருஷனைப் பத்தின பேச்சை அது வாயாலயே வாசிக்கணுமே, பாவம்னு..."

சளக்.

விரலிடுக்கில் மஞ்சள் வழிந்து முழங்கை வரை ஓடியது.

இருவரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"தண்ணி பின்னால இருக்குது," என்றார் பாவாயி. "கழுவிட்டுப் போயிட்டு, நாளைக்கு வாங்க."

*

மறுநாள் வந்தான்.

"முதல்ல ஒருத்தர் முன்மொழியணும்," என்றார் பாவாயி. "அப்புறம் இன்னொருத்தர் வழிமொழியணும். அதுக்கப்புறம்தான் விவாதம்."

"சந்தையில ரெண்டு பேர் போதுங்க. விக்கிறவன், வாங்குறவன். உங்க கணக்குக்கு விவாதம் தொடங்கறதுக்கே ரெண்டு பேரா?"

"ஒருத்தர் மட்டும் சொன்னா அது அவர் ஆசை. இன்னொருத்தர் ஆமான்னாத்தான் அது சபைக்கு வரும்."

"ஆமாங்கிறதுக்கு ஆளே இல்லைன்னா?"

"காத்தோட போயிடும். தலைவர் அடுத்த விஷயத்துக்குப் போயிடுவார்."

"அதுக்கென்னங்க, ஆளை முன்கூட்டியே பிடிச்சு வச்சுக்கிட்டுப் போறேன்."

"பெயிண்ட்டுக்குப் பிடிச்ச மாதிரி."

செங்கோடன் தலையைத் திருப்பினான். சுவரில் எதையோ படிப்பதுபோல் பார்த்தான். படிக்க அங்கே ஒன்றுமில்லை. ஒரு பல்லிதான் இருந்தது.

"அடுத்தது," என்றார் பாவாயி. "பேசும்போது தலைவர் முகத்தைப் பார்த்துத்தான் பேசணும். எதிராளியைப் பார்த்துப் பேசக் கூடாது."

"இது என்னங்க கூத்தா இருக்குது! எதிராளி முகத்தைப் பார்க்காம எப்படிப் பேசறது? புருவம் துடிக்குதா, எச்சில் முழுங்குறானா, அதைப் பார்த்துத்தானே நான் அடுத்த வார்த்தையே விடுவேன்?"

"சரி. அன்னிக்குக் கலாமணி முகத்தைப் பார்த்தீங்களா?"

செங்கோடன் யோசித்தான். முகம் ஞாபகத்துக்கு வரவில்லை. கைதான் வந்தது.

"இல்லைங்க."

"தலைவர் முகத்தை?"

"இல்லைங்க."

"பின்ன யாரைப் பார்த்துப் பேசினீங்க?"

மண்டிக்கு வெளியே ஒரு லாரி பின்னோக்கி வந்துகொண்டிருந்தது. கிளீனர் அதன் உடம்பைத் தட்டித் தட்டி, வா, வா, வா என்று கத்திக்கொண்டிருந்தான். அந்தச் சத்தம் அடங்கும்வரை செங்கோடன் லாரியையே பார்த்துக்கொண்டிருந்தான். அடங்கிய பிறகு, வேறு வழியில்லை.

"சிரிக்கிறவங்களைங்க," என்றான்.

*

இன்னொரு நாள் பாவாயி அவன் தோளிலிருந்த துண்டை உருவினார். தன் கைமேல் போட்டுக்கொண்டு, "உள்ள கையை விடுங்க," என்றார்.

செங்கோடனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "அட, இது என்ற பள்ளிக்கூடமுங்க!"

கையை விட்டான். பாவாயி அவன் விரலைப் பிடித்து அமுக்கினார். அவன் இரண்டு விரலைச் சேர்த்துத் திருப்பி அமுக்கினான். பாவாயி ஒன்றை விட்டார். அவன் தலையை ஆட்டினான். கண்ணில் பழைய சந்தை வெயில் அடித்தது. அங்கே அவனை வெல்ல ஆள் கிடையாது.

"எதுக்குத் துண்டுக்குள்ள பேசறீங்க?"

"சுத்தி நிக்கிறவனுக்கு விலை தெரியக் கூடாதில்லைங்களா? வித்தவன் ஏமாந்தானா, வாங்கினவன் ஏமாந்தானான்னு யாருக்கும் தெரியாது. ரெண்டு பேர் மானமும் துண்டுக்குள்ள பத்திரம்."

"அப்ப சபையில கையை வெளிய தூக்கச் சொல்றது எதுக்கு?"

செங்கோடன் துண்டுக்குள்ளிருந்து கையை உருவிக்கொண்டான்.

பாவாயி துண்டை மடித்து முட்டைத் தட்டுக்கு அடியில் வைத்துக்கொண்டார்.

"என்ற துண்டுங்க..."

"கூட்டம் முடிஞ்சு வந்து வாங்கிக்கங்க."

*

இப்படியே முன்மொழிவு, வழிமொழிவு, திருத்தம் என்று வாயில் நுழைந்துகொண்டிருந்தன. செங்கோடனும் விடவில்லை. லாரிப் பட்டறையில் நின்றுகொண்டு, "தலைவர் அவர்களே" என்று டயரைப் பார்த்துச் சொல்லிப் பழகினான். பட்டறைக்காரர்கள் அண்ணன் எலெக்ஷனுக்கு நிற்கப் போகிறார் என்று முடிவு கட்டிவிட்டார்கள்.

ஆனால் அவன் கேட்க வந்ததைப் பாவாயி இன்னும் சொல்லவில்லை. கூட்டம் நெருங்கியது.

"அந்த நீக்கற சட்டம், தலைவரம்மா?"

"சுலபம்தான். குறிப்புல இருக்கிற இன்ன சொல்லை நீக்கணும்னு எழுந்து கேக்கணும்."

"கேட்டுடறேன்."

"எந்தச் சொல்லுன்னு சபைக்குத் தெரியணும்."

"அது எல்லாருக்கும் தெரியுங்களே."

"தெரிஞ்சா மட்டும் போதாது. சொல்லணும். முழுசா, எல்லார் காதுலயும் விழற மாதிரி. அப்புறம்தான் நீக்கலாமா வேண்டாமான்னு கை தூக்குவாங்க."

செங்கோடன் எழுந்துவிட்டான்.

"அழிக்க வழி கேட்டா இன்னொரு வாட்டி சொல்லச் சொல்றீங்களா?"

"எங்கிட்ட வந்த நாளா அந்த வார்த்தையை நீங்க ஒரு தடவைகூடச் சொல்லலை. இங்க சொல்லிப் பாருங்க. நானும் முட்டையும்தான் இருக்கோம்."

அவன் முகம் சிவந்தது. கழுத்து நரம்பு புடைத்தது. வெட்கம் மேலே ஏறிவரும்போது அதைக் கோபமாக மாற்றிக்கொள்வது அவனுக்குக் கைவந்த வித்தை. பிழைத்ததே அதில்தான்.

"ஓட்டு வாங்கத் தெரியாம தோத்துப்போயி முட்டை பொறுக்குறவகிட்ட வந்து சட்டம் கேட்டேன் பாருங்க, என்னைச் செருப்பால அடிக்கணும்!"

பாவாயி நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. அடுத்த முட்டையை வெளிச்சத்துக்குத் தூக்கினார்.

"இதையும் நீக்கணுங்களா, தரகரே?"

செங்கோடன் படி இறங்கினான். தெருமுனை வரை போனான். அங்கேதான் தெரிந்தது, காலில் செருப்பு இல்லை. தார் ரோடு சுட்டது. திரும்பிப் போய் எடுக்கவும் முகமில்லை. வெறுங்காலோடு வீட்டுக்கு நடந்தான்.

அடுக்ககத்தின் வெளிச்சுவர் எதிரே நின்றது. பெயிண்ட் அடித்த ஈரம் காயுமுன்னே மழை பிடித்துவிட்டிருந்தது. சுவர் முழுக்கக் கொப்புளம். அம்மை வார்த்த உடம்பு மாதிரி.

*

மறுநாள் மண்டி திறக்கும்போதே வாசலில் நின்றான். அவன் செருப்பு ஓரமாக, ஜோடி சேர்த்து வைக்கப்பட்டிருந்தது.

"நேத்துப் பேசினது..." என்றான்.

"எது?"

அவன் எச்சில் விழுங்கினான். தரையைப் பார்த்துக்கொண்டே, ஒரு சொல் விடாமல் அதைத் திரும்பச் சொன்னான். தோத்துப்போயி என்றான். முட்டை பொறுக்குறவ என்றான். சொல்லி முடிப்பதற்குள் சட்டை முதுகில் ஒட்டிவிட்டது.

"உக்காருங்க," என்றார் பாவாயி. "கடைசிப் பாடம். முன்மொழியற உரிமை யாருக்கு?"

"உறுப்பினருக்குங்க."

"யார் உறுப்பினர்?"

"பத்திரம் யார் பேர்ல இருக்குதோ அவரு."

"உங்க சங்கத்துல அப்படியா விதி?"

"நான்தானுங்களே அன்னிக்கு..." அவன் குரல் தேய்ந்தது. "ஆமாங்க."

"உங்க வீடு யார் பேர்ல தரகரே?"

செங்கோடன் கல்லானான்.

லாரித் தொழிலில் நாளைக்கு எது நடக்கும் என்று சொல்ல முடியாது. வழக்கு வரும், வில்லங்கம் வரும். அதனால் வீட்டைத் தன் பேரில் வாங்காமல் மனைவி பேரில் வாங்கியிருந்தான். கெட்டிக்காரத்தனம் என்று தானே தன் தோளைத் தட்டிக்கொண்ட காரியம் அது. பத்திரத்தில் இருந்தது சரோஜாவின் பேர். கூட்டத்தில் தூக்கியது இவன் கை.

பாவாயி கையிலிருந்ததைத் தட்டில் வைத்தார். வேறு முட்டைக்குப் போய்விட்டார்.

*

சரோஜா சோறு போட்டாள். அவன் பிசைந்துகொண்டே இருந்தான்.

"ஏம்புள்ள. அன்னிக்குக் கூட்டத்துல நான் செத்தவன் பேர்ல ஓட்டு ஏதுன்னு கேட்டப்ப, நீ என்ன நினைச்சே?"

சொல்லிவிட்டதே அவனுக்கு அப்புறம்தான் தெரிந்தது. அந்தக் கூட்டத்துக்குப் பிறகு முதல் தடவையாக அந்த வார்த்தை வாயை விட்டு வெளியே வந்திருந்தது. பாதிதான். தனபால் பேர் வரவில்லை.

சரோஜா ரசத்தைக் கலக்கினாள்.

"உயிரோட இருக்கிற என்ற பேர்ல இருக்கிற வீட்டுக்கு, நீங்க எப்படிக் கை தூக்கினீங்கன்னு நினைச்சேன்."

"அப்பவே கேட்டிருக்கலாமில்ல?"

"கேட்டிருந்தா என்னையும் நாலு பேரைச் சிரிக்க வச்சிருப்பீங்க."

ரசத்தை ஊற்றினாள். அவன் அதைத் தொடவில்லை.

"நீயே எந்திரிச்சு அந்த வார்த்தையை நீக்கச் சொல்லிரு சரோஜா. நீதானே உறுப்பினர்."

"எந்த வார்த்தைன்னு கேட்டா?"

"சொல்லணும்."

"உங்க வாய்க்கு வந்ததை என்ற வாய் எதுக்குச் சொல்லணும்?"

*

கூட்டத்துக்கு முன் கடைசியாக ஒரு தடவை மண்டிக்குப் போனான்.

"தலைவரம்மா, நான் உறுப்பினரே இல்லை. பேசவே உரிமையில்லை. என்ன செய்யட்டும்?"

"உறுப்பினர் இல்லாதவரும் பேசலாம். சபை அனுமதிக்கணும். அதுக்கும் ஒருத்தர் முன்மொழியணும், ஒருத்தர் வழிமொழியணும்."

"முன்மொழிய என்ற சம்சாரம் இருக்கிறா. கெஞ்சிக் கேட்டா செய்வா. வழிமொழிய யாரும் வரலைன்னா?"

பாவாயி ஒரு முட்டையை எடுத்து அவனிடம் நீட்டினார். இந்தத் தடவை விரலை மூடிவிடவில்லை.

"கொண்டுபோங்க."

"இதை வச்சுக்கிட்டு என்னங்க பண்ணட்டும்?"

"உடையாமத் திருப்பிக் கொண்டுவாங்க."

*

ஞாயிற்றுக்கிழமை காலை. வண்டி நிறுத்துமிடத்தில் பிளாஸ்டிக் நாற்காலிகள் போட்டிருந்தார்கள். சங்கத் தலைவர் அர்த்தநாரி, ஓய்வுபெற்ற தலைமை எழுத்தர், மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் கலாமணி, நோட்டோடு.

செங்கோடன் கடைசி வரிசையில் உட்கார்ந்தான். தோளில் துண்டு இல்லை. வெறுந்தோள் என்னவோ செய்தது. இடது கையை நாற்காலிக்குப் பக்கவாட்டில் தொங்கவிட்டு, அதற்குள் முட்டையை வைத்திருந்தான்.

"என்னங்க மாமா, காலைப் பலகாரமா?" என்றான் பக்கத்தில் இருந்தவன். அன்றைக்குப் பலமாகச் சிரித்தவன்.

செங்கோடன் கையை இன்னும் பின்னுக்கு இழுத்துக்கொண்டான்.

"முதல்ல சென்ற கூட்ட நடவடிக்கைக் குறிப்பு," என்றார் அர்த்தநாரி. "வாசிங்க அம்மிணி."

கலாமணி எழுந்தாள்.

செங்கோடனுக்குக் காது அடைத்தது. அவள் உதடு அசைவதைத்தான் பார்த்தான். வந்திருந்தோர் விவரம். தண்ணீர்த் தொட்டி கழுவியது. வாசல் விளக்கு. இதோ, வரப்போகிறது. முட்டைமேல் அவன் விரல்கள் வேர்த்தன.

"கட்டடத்துக்கு வண்ணம் பூசுவது குறித்து விவாதம் நடைபெற்றது," என்று வாசித்தாள் கலாமணி. "மழைக்கு முன் பூசுவதெனப் பெரும்பான்மையால் முடிவாயிற்று. நன்றியுரையுடன் கூட்டம் நிறைவுற்றது."

உட்கார்ந்துவிட்டாள்.

அவ்வளவுதான்.

விவாதம் நடைபெற்றது.

செங்கோடன் மூச்சு விட்டான். எத்தனை நாளாக அடைத்து வைத்திருந்த மூச்சோ, பக்கத்தில் இருந்தவன் திரும்பிப் பார்த்தான். நீக்க ஒன்றுமே இல்லை! அவள் எழுதவே இல்லை. எந்த நோட்டிலும் இல்லாத சொல்லுக்கு எந்தச் சட்டமும் வேண்டாம். இனி முட்டையைக் கொண்டுபோய்த் திருப்பிக் கொடுத்துவிட்டுத் துண்டை வாங்கிக்கொள்ள வேண்டியதுதான்.

"குறிப்பில் திருத்தம் ஏதாவது உண்டுங்களா?" அர்த்தநாரி சுற்றிப் பார்த்தார்.

கலாமணி நோட்டை மூடினாள். அவள் கை காதோரம் போயிற்று. முடியை ஒதுக்கிற்று.

அங்கே ஒதுக்குவதற்கு முடி எதுவும் கலைந்திருக்கவில்லை.

"இல்லைன்னா, குறிப்பு உறுதி செய்யப்பட்டதா..."

"தலைவர் அவர்களே."

எல்லோரும் திரும்பினார்கள். செங்கோடன் எழுந்து நின்றுகொண்டிருந்தான். எழுந்ததை அவனே அப்போதுதான் பார்த்தான்.

"சொல்லுங்க செங்கோடா."

"குறிப்புல ஒரு திருத்தமுங்க." அவன் அர்த்தநாரியின் முகத்தை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. "போன கூட்டத்துல நான் ஒண்ணு சொன்னேன். அது விட்டுப் போயிருக்குது. சேர்க்கணும்."

நாற்காலிகள் கிறீச்சிட்டன.

"என்னன்னு சொல்லுங்க, சேர்த்துக்கலாம்."

"சொல்ல எனக்கு உரிமை இல்லைங்க."

"ஏனாம்?"

"வீடு என்ற சம்சாரம் பேர்ல. நான் உறுப்பினர் இல்லை. போன தடவை நான் தூக்கின கையும் செல்லாதுங்க."

யாரோ சிரித்தார்கள். பக்கத்தில் இருந்தவன்தான். இப்போது அந்தச் சிரிப்பு எப்படி இருக்கும் என்று செங்கோடனுக்குத் தெரிந்தது. முதுகில் மணல் கொட்டினது போல இருந்தது.

"சபை அனுமதிச்சாப் பேசறேனுங்க," என்றான்.

அர்த்தநாரி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "விதி அப்படித்தான். யாராவது முன்மொழியணும்."

"நான் முன்மொழியறேனுங்க." பெண்கள் வரிசையிலிருந்து சரோஜாவின் கை எழுந்தது. அந்த வீட்டுக்கு அந்தச் சபையில் அதுதான் முதல் கை.

"வழிமொழிய யாராவது?"

ஒருவரும் இல்லை.

மழைக்கு முன் அடிக்கலாம் என்று சோளக்காடாய் எழுந்த கைகள், இப்போது தொடைக்கு அடியில் கிடந்தன. ஒருவர் கைபேசியைத் தடவினார். ஒருவர் கூரையில் எதையோ கண்டுபிடித்தார். சிரித்தவன் செருப்பு வாரைச் சரிசெய்யக் குனிந்தான். குனிந்தவன் நிமிரவே இல்லை. அந்த வார்த்தை நோட்டில் ஏறினால், அதற்குப் பிறகு வந்த சிரிப்பும் ஏறிவிடும் என்பது எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

"வழிமொழிய யாராவது?" என்றார் அர்த்தநாரி மறுபடி. "இல்லைன்னா அடுத்த விஷயத்துக்குப் போகலாம்."

செங்கோடன் நின்றுகொண்டிருந்தான். உட்காரலாம். யாரும் குறை சொல்ல மாட்டார்கள். கைக்குள் முட்டை சூடாகியிருந்தது.

மேஜைமேல் பேனாவை வைக்கும் சத்தம் கேட்டது.

ஒரு கை எழுந்தது.

அர்த்தநாரி தயங்கினார். "அம்மிணி... நீங்க வழிமொழியறது... வீடு இன்னும் தனபால் பேர்லதானே இருக்குது? போன கூட்டத்துலயே அது செல்லாதுன்னு..."

"அப்படி ஏதாச்சும் குறிப்புல இருக்குதுங்களா?" என்றாள் கலாமணி.

அர்த்தநாரி நோட்டை இழுத்துப் பார்த்தார். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார்.

"இல்லை."

"அப்ப வழிமொழியறேனுங்க."

கை அப்படியே நின்றது. காதோரம் போகவில்லை.

"ஆட்சேபம் இருக்கிறவங்க?" அர்த்தநாரி ஒரு சுற்றுப் பார்த்தார். ஒரு தலையும் அசையவில்லை. "சரி. சபை அனுமதிக்குது. பேசுங்க செங்கோடா."

செங்கோடன் வாயைத் திறந்தான்.

"தலைவரே, ஒரு நிமிஷம்," என்றாள் கலாமணி.

நோட்டைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டாள். புதுப் பக்கம் புரட்டினாள். பேனாவை எடுத்தாள். செங்கோடனை அவள் பார்க்கவில்லை. விதிப்படி, தலைவரைப் பார்த்துத்தான் பேசினாள்.

"அவரை மெதுவாச் சொல்லச் சொல்லுங்க. போன தடவை வேகமாச் சொல்லிட்டாரு. என்னால எழுத முடியலை."